மூன்றரை லட்சத்துக்குள் பழைய குடும்பக் கார்: ஊரப்பாக்கத்திலிருந்து சிறுசேரிக்குத் தினமும் ஓட வேண்டும்

ஊரப்பாக்கத்தான் – சனி காலை

அனைவருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இந்தக் கார் மன்றத்தில் படித்துவிட்டு மட்டும் போகிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வீடு ஊரப்பாக்கம், வேலை சிறுசேரி. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் ஒரு நடைக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். இதுவரை பைக்கில்தான் போய்க்கொண்டிருந்தேன். போன மாதம் மழையில், கண்டிகை அருகே தண்ணீருக்கடியில் இருந்த பள்ளம் தெரியாமல் விழுந்து முழங்கையில் ஆறு தையல். அன்று இரவே மனைவி பைக் சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் நான், மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், முழங்கால் வலியோடு அம்மா. மாதம் ஒருமுறை திண்டிவனம் பக்கம் சொந்த ஊருக்குப் போவோம். கையில் இருப்பது மூன்றரை லட்சம். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், பழுது பார்ப்பது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருப்பதால் இன்னொரு கடன் வேண்டாம்.

அலுவலக நண்பர் ஒருவர் மூலம் 2013 ஸ்விஃப்ட் டீசல் ஒன்று வந்திருக்கிறது. 1,10,000 கிலோமீட்டர், ஒரே உரிமையாளர், விலை 3,40,000. “டீசல் என்றால் மைலேஜுக்குக் கவலையே இல்லை” என்கிறார். வாங்கலாமா?

பழைய ஸ்டியரிங் – சனி காலை

தம்பி, கை ஆறிவிட்டதா? அதை முதலில் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதில் எல்லோரும் தாண்டிப் போகக்கூடிய ஒரு வார்த்தை இருக்கிறது: முழங்கால் வலி. என் வீட்டிலும் அதே கதை. முழங்கால் வலி உள்ளவருக்கு இன்ஜின், மைலேஜ், நிறம் எதுவும் பொருட்டில்லை. இருக்கையின் உயரம் ஒன்றுதான் கார். தாழ்வான இருக்கை என்றால் உட்காரும்போது பின்னால் விழ வேண்டும், எழுந்திருக்கும்போது யாராவது கையைப் பிடித்து இழுக்க வேண்டும். இரண்டு தடவை அப்படி இறங்கிவிட்டால் மூன்றாவது தடவை “நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டிலேயே இருக்கிறேன்” என்று சொல்லிவிடுவார்கள்.

ஆகவே எந்த வண்டியைப் பார்த்தாலும் அம்மாவை உட்கார வைத்து, இறக்கி, மறுபடியும் உட்கார வையுங்கள். வேகன்ஆர், அதைப் போல உயரமாக நிற்கும் மற்றவை இந்த விஷயத்தில் ஸ்விஃப்ட்டைவிட ஒரு படி மேல். பார்க்க அழகில்லை என்பார்கள். உள்ளே உட்கார்ந்த பிறகு வெளியழகை யார் பார்க்கப் போகிறார்கள்?

கணக்குப்பிள்ளை – சனி மதியம்

உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

மாதம் 22 நாள், நாளுக்கு 50 கிலோமீட்டர் என்றால் 1,100. ஊர்ப்பயணம், கடைத்தெரு சேர்த்து 300. ஆக 1,400 கிலோமீட்டர். இந்தச் சாலையில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கொடுக்கும் என்று வைத்தால் 87.5 லிட்டர், சென்னை விலை ஏறக்குறைய 101 ரூபாய் என்றால் 8,840 ரூபாய். டீசல் லிட்டருக்கு 19 கொடுத்தால் 74 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 92.50 ரூபாய் வீதம் 6,820. வித்தியாசம் மாதம் இரண்டாயிரம், வருடம் 24,000.

சின்னத் தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2013 வண்டியின் பதிவுக்காலம் 15 வருடம், அதாவது 2028 வரை. அதன் பிறகு தகுதிச் சோதனை, புதுப்பிப்புக் கட்டணம் 5,000, பசுமை வரி என்று வரிசையாக வரும். விற்கப் போனால் கேட்கிற விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். மிச்சம் பிடித்ததை விற்கும்போது திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

டீசல் தாசன் – சனி மாலை

கணக்குப்பிள்ளை ஐயா எப்போதும் டீசலுக்கு எதிரி, பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

அந்த ஸ்விஃப்ட்டில் இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் இன்ஜின். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, புன்டோ என்று எத்தனை வண்டிகளில் ஓடியது! இந்தியாவின் தேசிய இன்ஜின் என்றே வேடிக்கையாகச் சொல்வார்கள். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அது மனப்பாடம், உதிரிபாகமும் தாராளம். 1,10,000 கிலோமீட்டர் அதற்குப் பாதி ஆயுள்கூட இல்லை. ஏசி போட்டுக்கொண்டு நாலு பேருடன் திண்டிவனம் போகும்போது அச்சிறுபாக்கம் தாண்டி ஒரு லாரியை முந்திப் பாருங்கள். அப்போது தெரியும் டீசலின் இழுவை.

பட்டறைக்காரன் மகன் – சனி இரவு

தாசன் அண்ணன் சொன்னதில் பொய் இல்லை, நல்ல இன்ஜின்தான். ஆனால் நல்ல இன்ஜின் வேறு, நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட இன்ஜின் வேறு. டர்போ உள்ள டீசலில் எண்ணெயை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டியிருந்தால், அந்தக் கடன் வாங்குபவர் தலையில்தான் விழும். எரிபொருளைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற நேர்ந்தால் மேலே சொன்ன வருட மிச்சம் ஒன்றிரண்டு அதோடு போச்சு. பெட்ரோலில் அப்படி ஒரே அடியாகச் சாய்க்கும் செலவு குறைவு. மூன்றரை லட்சம்தான் மொத்தம் என்பவர் அந்த ஆபத்தை ஏற்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

இந்த விலையில் பெட்ரோலில் கிடைப்பவை: 2014 முதல் 2017 வரையிலான வேகன்ஆர், 2014 ஒட்டிய ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10, ஐ10, எட்டியோஸ் லிவா, பிரியோ, தேடினால் ஆரம்ப கால டியாகோ. 2010க்குப் பிந்தைய வேகன்ஆரில் கே10 இன்ஜின்; வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் உள்ளது. கிராண்ட் ஐ10இன் 1.2 கப்பா இன்ஜினும் செயின்தான். பழைய ஐ10இல் 1.1 இன்ஜின் என்றால் செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட். அதை எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையில் கழியுங்கள். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் சேர்ந்து வளையக்கூடும்.

இனி வண்டி பார்க்கும் முறை. காலையில் போங்கள். “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ எழுப்பிவிட்டிருக்கிறார்கள், ஏதோ ஒன்றை மறைக்க. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். எழுந்ததும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் கலந்த காபிபோல நுரை படிந்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம், அது சின்ன வேலை இல்லை. ஓட்டும்போது மூன்றாம் கியரில் மேடேறி ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் முடிந்தது.

பெயிண்ட்டை விட போல்ட்டுகளைப் பாருங்கள். பானட், ஃபெண்டர் போல்ட்டுகளின் மேல் பெயிண்ட் உடைந்திருந்தால் அதைக் கழற்றியிருக்கிறார்கள். கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்பு ஆண்டுக் குறி இருக்கும். எல்லாம் ஒரே ஆண்டாக இருந்து ஒன்று மட்டும் வேறானால் அந்தப் பக்கம் ஏன் உடைந்தது என்று கேளுங்கள். கதவு தட்டுப்பட்டு டிங்கரிங் செய்திருந்தால் பயமில்லை, சென்னையில் ஓடிய வண்டியில் அது சகஜம். தூண்களிலோ முன்பக்கச் சட்டத்திலோ வெல்டிங் இருந்தால் டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்காமல் திரும்புங்கள்.

ஓடோமீட்டரை நான் பார்ப்பதே இல்லை. பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளவென்று மின்னி, மீட்டர் மட்டும் 38,000 காட்டினால் அந்த எண் யாரோ எழுதியது. ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் கிலோமீட்டர் இருக்கும். அவை வரிசையாக ஏறுகின்றனவா என்று பார்த்தால் போதும்.

கடைசியாக வெள்ளம். எங்கள் அப்பாவின் பட்டறையில் 2015 டிசம்பருக்குப் பிறகு ஆறு மாதம் வேறு வேலையே இல்லை. 2023இல் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனை வண்டிகள் மிதந்தன என்பது உங்களுக்கே தெரியும். அவையெல்லாம் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்தாயிற்று. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். எல்லோரும் தரைவிரிப்பைத் துவைப்பார்கள், பெல்ட்டின் அடி முனையை யாரும் துவைப்பதில்லை. அங்கே சேற்றுக் கோடு இருக்கும். இருக்கை தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் ஆவி எல்லாம் அதே கதைதான். வெள்ளத்தில் நின்ற வண்டி இன்று ஓடும், நாளையும் ஓடும். ஒரு நாள் மாம்பாக்கத்தில் மழையில் காரணமே சொல்லாமல் நின்றுவிடும்.

கோவை வாசகி – ஞாயிறு காலை

பட்டறைக்காரன் மகனின் பதிவை நகலெடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் இவ்வளவு பேர் பேசியும் விபத்து நேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லையே. பின்னிருக்கையில் ஒரு குழந்தை உட்காரப் போகிறது.

ஓட்டுநர் ஏர்பேக், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் ஆகியவை எல்லா வண்டிகளிலும் கட்டாயமானது 2019இல்தான். நீங்கள் தேடுவது அதற்கு முந்தைய ஆண்டுகள்; ஆகவே ஒரே மாடலிலேயே ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் சோதித்தபோது ஏர்பேக் இல்லாத ஐ10, ஸ்விஃப்ட் இரண்டும் சுழியம் நட்சத்திரம் வாங்கின. இரண்டு ஏர்பேக் உள்ள எட்டியோஸ் 2016இல் நான்கு நட்சத்திரம் வாங்கியது. டியாகோவும் 2020இல் நான்கு. வேகன்ஆரைப் பாராட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2019இல் வந்த புதிய வடிவமே இரண்டு நட்சத்திரம்தான்.

நான் எட்டியோஸ் லிவா ஓட்டுகிறேன். உள்ளே பார்த்தால் வாடகை வண்டிபோல இருக்கும். மீட்டர் நடுவில் இருப்பது பழக ஒரு மாதம் ஆகும். ஆனால் ஏழு வருடத்தில் தேய்ந்ததை மாற்றியதைத் தவிர வேறு செலவு வைக்கவில்லை. 2020இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள் என்பதால் விலையும் பெரிதாக ஏறவில்லை. வாடகைக்கு ஓடி, பிறகு சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டவை நிறைய உண்டு. பதிவுச் சான்றான ஆர்சியில் அந்த வரலாறு தெரியும், கவனியுங்கள்.

பழைய ஸ்டியரிங் – ஞாயிறு காலை

அம்மா சொல்வது நியாயம். என் வார்த்தையைத் திருத்திக்கொள்கிறேன்: வேகன்ஆர் என்றால் ‘விஎக்ஸ்ஐ ஆப்ஷனல்’ என்ற ரகத்தைத் தேடுங்கள். அதில் ஏர்பேக், ஏபிஎஸ் இருக்கும். அதிகம் கிடைக்காது, கிடைத்தால் விடாதீர்கள்.

ஊரப்பாக்கத்தான் – ஞாயிறு இரவு

இன்று அந்த டீசல் ஸ்விஃப்ட்டைப் போய்ப் பார்த்துவிட்டேன். “பத்து மணிக்கு வாருங்கள்” என்றார் தரகர். எட்டரைக்கே போய் நின்றேன். வண்டி ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. “பேட்டரி சார்ஜ் ஆகட்டும் என்று போட்டேன் சார்” என்றார்.

ஒரே உரிமையாளர் என்று சொன்னார்களே, எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் மூன்றாவது உரிமையாளர் என்று வந்தது. கேட்டதற்கு “ஒரே குடும்பத்துக்குள்தான் சார் மாறியது, அதனால் ஒன்று என்றுதான் கணக்கு” என்றார். வங்கியின் அடமானக் குறிப்பும் நீங்கவில்லை. நான் எண்ணெய் மூடியைத் திறக்கப் போனபோது “சார், கை அழுக்காகிவிடும்” என்று அவர் பதறியதைப் பார்த்து மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டீசல் ஆசை அங்கேயே முடிந்தது. தாசன் அண்ணன் மன்னிக்கவும்.

டீசல் தாசன் – ஞாயிறு இரவு

மன்னிப்பு எதற்கு? அந்த வண்டியை நானும் வாங்கமாட்டேன். குற்றம் தரகருடையது, டீசலுடையது அல்ல என்று மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

புதுசே மேல் – திங்கள் காலை

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. புதிய வேகன்ஆரின் தொடக்க விலையே ஐந்து லட்சத்தை ஒட்டி இறங்கிவிட்டது. பத்து வருடம் பழைய வண்டிக்கு மூன்றரை லட்சம் கொட்டுவதா? இந்த விலைக்குத் தமிழ்நாட்டு சாலை வரி 12 சதவீதம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்துக்குள் சாலைக்கு வந்துவிடும். கையில் உள்ளதைக் கட்டி, இரண்டரை லட்சம் கடன் வாங்கினால் ஐந்து வருடத்துக்கு மாதம் 5,200 ரூபாய் அளவில்தான் தவணை. உத்தரவாதம் உண்டு, தரகர் முகத்தில் விழிக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை – திங்கள் காலை

9 சதவீத வட்டிக்கு அந்தத் தவணைக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இந்த இழையில் எனக்கு எதிராக வந்த மிகச் சிறந்த வாதம் இதுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர் கடன் வேண்டாம் என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார். வீட்டுக் கடன் கட்டுகிற மனிதருக்கு மாதம் ஐயாயிரம் என்பது மகளின் பள்ளிக் கட்டணம்.

ஆனால் உங்கள் தகவலில் ஓர் ஆயுதம் இருக்கிறது, அதை ஊரப்பாக்கத்தார் எடுத்துக்கொள்ளட்டும். புதிய வண்டி விலை இறங்கினால் பழையதும் இறங்கித்தான் ஆக வேண்டும். பல விற்பனையாளர்கள் இன்னும் பழைய விலையையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். “புதுசு இவ்வளவுக்குக் கிடைக்கிறதே” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். பேரத்தில் முதலில் வாயைத் திறப்பவர்தான் இறங்குகிறார்.

ஒருமுறை பட்டவன் – திங்கள் மதியம்

வாங்குபவருக்கு எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், விற்றவன் கதையையும் கேளுங்கள். நான் ஒரு காரை விற்று, பணத்தை வாங்கி, படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. மூன்று வருடம் கழித்து, நான் வாழ்க்கையில் போகாத ஓர் ஊரில் சிக்னலைத் தாண்டியதற்கு என் பெயருக்கு அபராதம் வந்தது. அபராதத்தோடு போனது என் அதிர்ஷ்டம்.

உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அதனால் நல்ல விற்பனையாளர் உங்களை அவசரப்படுத்தினால் சந்தேகப்படாதீர்கள். அவருக்கும் பயம் இருக்கிறது.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் அடமானத்தை நீக்கும் படிவம் 35ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் விற்றவரோடு போய்விடும், வண்டியோடு வராது. “ஐம்பது சதவீத போனஸ் இருக்கிறது சார்” என்று விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பிஒய் எண் போட்ட புதுச்சேரி வண்டியும், டெல்லியில் பத்து வருடம் முடிந்து இங்கே வருகிற டீசலும் மலிவாகக் கண்ணில் படும். டெல்லியில் டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து வருடத்தோடு தடை என்று வந்ததால்தான் அந்த விலை. இங்கே மறுபதிவு, வரி, தடையில்லாச் சான்றுக்கு அலைச்சல் எல்லாம் சேர்த்தால் மலிவு மலிவாக இருக்காது. டிஎன் எண் இருக்கட்டும்.

கிளாம்பாக்கம் பயணி – திங்கள் மாலை

பேருந்து, கம்பெனி வண்டி எதுவும் இல்லையா? கார் வாங்கிவிட்டு வண்டலூர் பாலத்தடியில் நாற்பது நிமிடம் நிற்பதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?

ஊரப்பாக்கத்தான் – திங்கள் இரவு

கம்பெனி வண்டி இரவுப் பணிக்கு மட்டும்தான். பேருந்தில் போய்ப் பார்த்தேன். காலையில் சரி, மாலையில் எப்போது வீடு வருவேன் என்று மனைவிக்குச் சொல்ல முடியவில்லை.

எல்லோருக்கும் நன்றி. நாளை முதல் மூன்று நாள் விடுப்பு. அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளம்புகிறோம்.

ஊரப்பாக்கத்தான் – வியாழன் இரவு

மூன்று வண்டி பார்த்தோம்.

முதலாவது கிராண்ட் ஐ10, பல்லாவரம் பக்கம் ஒரு விற்பனைக் கூடத்தில். பார்க்க நேற்று வாங்கியதுபோல இருந்தது. பின்னிருக்கைக்கும் ஏசி துவாரம் இருக்கவே மகள் “இதுதான், இதுதான்” என்று இறங்க மறுத்தாள். பட்டறைக்காரன் மகன் சொன்னபடி பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்புக் கோடு. விற்பவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வந்துவிட்டோம்.

இரண்டாவது குரோம்பேட்டையில், 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல், 3,40,000. ஓய்வுபெற்ற அஞ்சல் துறைக்காரர். வாங்கிய நாள் முதல் உள்ள ஒவ்வொரு பில்லும் துளையிட்டு, தேதி வரிசையில் கோப்பில் கட்டி வைத்திருக்கிறார். டயருக்குக் காற்றடித்த தேதிகூடக் குறிப்பேட்டில் இருக்கிறது. குளிர்ந்த இன்ஜின் ஒரே தட்டில் எழுந்தது, புகை இல்லை. 61,000 கிலோமீட்டர், பெடல் ரப்பரும் அதையே சொன்னது. ஏர்பேக் இல்லை என்பது ஒன்றுதான் குறை. என் மனம் விழுந்துவிட்டது. ஆனால் அம்மா உட்கார்ந்தார், எழுந்திருக்க முடியவில்லை. கதவுத் தூணைப் பிடித்து, நான் ஒரு கை கொடுத்து எழுந்தவர், “நல்ல வண்டிதான்டா, வாங்கிக்கொள்” என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது பழைய ஸ்டியரிங் ஐயா எழுதியது நினைவுக்கு வந்தது. பெரியவரிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, காபி கொடுத்து அனுப்பினார்.

மூன்றாவது கூடுவாஞ்சேரி. 2016 வேகன்ஆர், விஎக்ஸ்ஐ ஆப்ஷனல், 58,000 கிலோமீட்டர், இரண்டாவது உரிமையாளர். இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு. முன் பம்பரில் கீறல், இடது பின் கதவு ஒருமுறை டிங்கரிங் ஆனது. அதை அவர்களே சொல்லிவிட்டார்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பார்த்தேன், 2217. 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். நான்கையும் மாற்ற வேண்டும். ஸ்பீட் பிரேக்கரில் முன்பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். அம்மா கைப்பையோடு ஏறி உட்கார்ந்து, யாரும் கேட்காமலே இறங்கி, அந்த வீட்டுத் துளசிச் செடியைப் பார்க்கப் போய்விட்டார்.

3,35,000 சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பட்டறைக்காரன் மகன் – வியாழன் இரவு

அந்த ‘டக்’ பெரும்பாலும் சஸ்பென்ஷனில் உள்ள ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது ரப்பர் புஷ்ஷாக இருக்கும், சில ஆயிரத்தில் முடியும். ஆனால் கண்ணால் பார்க்காமல் நான் சத்தியம் செய்யமாட்டேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு பட்டறையில் லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் பாருங்கள், கோளாறு காட்டும் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு யோசிக்காதீர்கள். சேஸிஸ் எண்ணையும் ஆர்சியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பற்றி யாராவது பயமுறுத்தினால் கலங்க வேண்டாம். பழைய வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் குறையலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. எரிபொருள் குழாயில் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்த்துக்கொண்டால் போதும்.

கணக்குப்பிள்ளை – வெள்ளி காலை

டயருக்குப் பதினாறாயிரம், சத்தத்துக்கு நான்காயிரம் என்று காகிதத்தில் எழுதி அவர்கள் முன் வையுங்கள். மூன்று லட்சத்து ஐந்தாயிரத்துக்கு மேல் ஏறாதீர்கள். நாற்பதாயிரம் கையில் இல்லாமல் பழைய கார் வாங்குவது, எண்ணெய் இல்லாமல் அடுப்பில் வடைச்சட்டி வைப்பதுபோல.

கோவை வாசகி – வெள்ளி காலை

என் லிவாவை யாரும் தேடவே இல்லை என்ற வருத்தத்தோடு சொல்கிறேன்: ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். பல்பைப் பிடுங்கி வைத்திருப்பார்கள்.

ஊரப்பாக்கத்தான் – அடுத்த வாரம், புதன் இரவு

வாங்கியாயிற்று. “புதுசு இவ்வளவுக்குக் கிடைக்கிறதே” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனம் எனக்கே தாங்கவில்லை. மனைவி என் காலை மிதித்ததால் தப்பித்தேன். 3,05,000.

ஏர்பேக் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தது. லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்ததில் லிங்க் தேய்மானம்தான். டயர் நான்கும் 16,000, பேட்டரி 4,500, எண்ணெய், ஃபில்டர், பிரேக் பேட், லிங்க் எல்லாம் சேர்த்து 9,200, இன்சூரன்ஸ் 8,700, பெயர் மாற்றச் செலவு 3,000. மொத்தம் 3,46,400. மிச்சம் 3,600 ரூபாயில் மகள் கேட்ட பிள்ளையார் பொம்மையும் ஒரு முழுத் தொட்டி பெட்ரோலும்.

திங்கள் முதல் ஓட்டுகிறேன். கண்டிகையில் அதே பள்ளம், அதே தண்ணீர். மெதுவாக ஏறி இறங்கினேன். பைக் சாவி இன்னும் அரிசிப் பானையில்தான்.

பழைய ஸ்டியரிங் – புதன் இரவு

நல்லது தம்பி. அம்மாவை முன்னிருக்கையில் உட்கார வையுங்கள். அவர்கள் பார்க்காத சாலை நிறைய இருக்கும்.

டீசல் தாசன் – வியாழன் காலை

வாழ்த்துகள். லாரியை முந்தும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள். ஏசியை அணைத்துவிட்டு முந்துங்கள்.

மாம்பாக்கம் புதுக்குடித்தனம் – வியாழன் காலை

வணக்கம், நானும் முதல் தடவை எழுதுகிறேன். வீட்டில் நாங்கள் இருவர்தான், இருவருக்கும் முழங்கால் நன்றாக இருக்கிறது. அந்தக் குரோம்பேட்டைப் பெரியவரின் ஸ்விஃப்ட் விற்றுவிட்டதா, இன்னும் இருக்கிறதா? அவரிடம் கேட்டுவிட்டுத் தனிச் செய்தியில் சொல்ல முடியுமா?